இரண்டு தோணிகள்

எந்தப் பேனாவால் எழுதுகிறீர்கள் என்று எழுத்தாளனைக் கேட்கிற வழக்கம் நம் வாசகர்களை விட்டு இன்னும் போகவில்லை. பேனாவைத் தொட்டுப் பல வருஷம் ஆயிற்று, எல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை போலும். பேனா என்றால் நிப்பைப் பற்றிப் பேசலாம், மையைப் பற்றிப் பேசலாம், மை கசிந்து சட்டைப்பை பாழான கதையைச் சொல்லலாம். கம்ப்யூட்டரிலும் மை கசியத்தான் செய்கிறது. என்ன, கசிந்த இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நான் எழுதுகிற எடிட்டருக்கு ஈமாக்ஸ் என்று பெயர். வயதில் எனக்கு மூத்தது. 1976-ல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முளைவிட்டு, 1985-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கையால் இன்றைய வமிசத்தைத் தொடங்கிற்று. அதற்குள்ளே ஆர்க் மோட் என்று ஒரு ஏற்பாடு உண்டு. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல் அறிஞர் 2003-ல் தம் சொந்தக் காரியங்களை ஒழுங்கு செய்துகொள்வதற்காக எழுதியது. இதில் தலைப்புகளுக்கெல்லாம் முன்னால் நட்சத்திரக் குறி போட வேண்டும். வானியல்காரர் கையில் அது வந்து சேர்ந்தது பொருத்தம்தான். தலைப்பின் முன்னால் 'பாக்கி' என்று எழுதி, கீழே ஒரு தேதி கொடுத்துவிட்டால், அந்தத் தேதி நெருங்க நெருங்க அது கடன்காரனைப் போல் வாசலில் வந்து நிற்கும். வேலை ஆனதும் 'முடிந்தது' என்று மாற்றிவிடலாம். அதே கோப்பில், குறிப்புகளுக்கு நடுவே, ஒரு சிறு நிரலையும் எழுதி வைக்கலாம். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு 'சி'யை இரண்டு முறை தட்டினால் நிரல் ஓடி, விடையை அடியில் எழுதிவிட்டுப் போகும். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், என் அக்காள் மகன் உபயம். அவன் பெங்களூரில் இந்த வேலைதான் பார்க்கிறான்.

"மாமா, இது வெறும் எழுத்து. அலங்காரம், ஜோடனை ஒண்ணும் கிடையாது. நாளைக்கு இந்த எடிட்டரே இல்லாமப் போனாலும் கோப்பை எதுல வேணும்னாலும் திறந்து படிச்சுக்கலாம்" என்றான். வெறும் எழுத்து என்ற வார்த்தை எனக்குப் பிடித்துப் போயிற்று. எழுத்து அப்படியொன்றும் வெறுமையானதல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் குடியிருப்பது தூத்துக்குடியில், திரேஸ்புரம் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் மீன் ஏலம் போடுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். இந்தக் கரையை வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்று 2009-ல் ஆரம்பித்துக் குறிப்பு எடுத்துக்கொண்டே இருக்கிறேன். நாவல் வளர்கிறதோ இல்லையோ, குறிப்பு வளர்கிறது. காற்றின் பெயர்கள், வலையின் பெயர்கள், எந்தக் காற்றுக்கு எந்த மீன் என்பது. சங்கு குளிக்கிறவர்கள் எடுத்து வரும் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே கல்யாணப் பெண்களின் கையில் வளையாவது. முத்துக் குளிப்பு 1961-ல் கடைசியாக நடந்து அத்தோடு நின்று போனது. ஜேம்ஸ் ஹார்னல் 1914-ல் சங்கைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். நம்மவர்கள் வாயிலிருந்து வந்ததை நம் பாஷையில் எழுதி வைப்போமே என்பது என் ஆசை.

குறிப்புகளில் முதல் ஆறு வருஷத்தவை பழைய முறைத் தமிழ் எழுத்துருவில் அடித்தவை. அப்போது அதுதான் வழக்கம். 2015-ல், எல்லாரும் யூனிகோடுக்கு வந்த பின், நானும் ஒரு மாற்றியின் வழியாக அவற்றை மாற்றிக்கொண்டு ஈமாக்ஸுக்குக் குடியேறினேன். தலைப்பும் இல்லாமல் தேதியும் இல்லாமல் ஒரே பாளமாக அறுநூறு பக்கம் வந்து விழுந்தது. படித்துப் பார்த்தேன், பிழையில்லாமல்தான் இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டுப் புதிய குறிப்புகளை எழுதிக்கொண்டு போனேன்.

போன வருஷம் இங்கே ஒரு பெரியவர் காலமானார். சங்கு குளித்தவர். 1961-ல், பதினாறு வயதுப் பையனாக, தகப்பனாரோடு தோணியில் போய்க் கடைசி முத்துக் குளிப்பைப் பார்த்தவர். 2011-ல் மூன்று சாயங்காலம் என்னோடு கரையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். இந்த வருஷம் அவருடைய மகள், மீன் கூடையோடு போகிற வழியில் வாசலில் நின்றாள்.

"சார், எங்க அப்பா உங்ககிட்ட உக்காந்து பேசுனாகளே, அதை எழுதி வச்சிருக்கீகளா?"

"இருக்கும்மா."

"கடலுக்கு அடியில இருக்கும்போது மேல காத்து திரும்புறதை எப்படிக் கண்டுபிடிப்பாகன்னு ஒண்ணு சொல்லுவாக. எங்களுக்கு அரைகுறையாத்தான் ஞாபகம் இருக்கு. வருசப் பூசைக்கு எல்லாரும் வருவாக. அப்பா சொன்ன மாதிரியே ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீகன்னா வாசிக்கலாம்."

'பாக்கி' என்று எழுதித் தேதி போட்டேன். ஆறு நாள் இருந்தது.

அன்றிரவு கோப்பைத் திறந்து 'தோணி' என்று தேடினேன். பதினாலு இடத்தில் இருந்தது. பெரியவர் சொன்னது அதில் இல்லை. அவர் சொன்ன காற்று கொண்டல் என்பது நினைவிருந்ததால் 'கொண்டல்' என்று தேடினேன். மூன்று இடம். அதிலும் இல்லை. மாற்றி எங்கேயோ சில பக்கங்களை விழுங்கிவிட்டது என்று நினைத்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் சொன்னதன் சாரம் எனக்குத் தெரியும். சாரத்தைக் கொண்டுபோய் ஒரு மகளிடம் கொடுக்க முடியுமா? அவரிடம் இன்னொரு தடவை கேட்கவும் வழியில்லை.

பெங்களூருக்குப் போன் செய்தேன். மருமகன் பதறவில்லை. இந்தப் பிள்ளைகளிடம் அது ஒரு நல்ல குணம். "கோளாறு எடிட்டர்ல இருக்கா, கோப்புல இருக்கான்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க மாமா" என்றான். ஈமாக்ஸ் என்ற பெயரை அடித்து, ஒரு சிறு கோடும் பெரிய 'க்யூ' எழுத்தும் சேர்த்துத் தொடங்கினால், நாம் அதற்குப் பூட்டியிருக்கும் நகை நட்டு எதுவுமில்லாமல், கடையிலிருந்து வந்த கோலத்தில் எழுந்து நிற்கும். அப்போது கோளாறு மறைந்தால் குற்றம் நம் ஜோடனையில். ஜோடனைக் கோப்பைப் பாதியாக வெட்டி, எந்தப் பாதியில் உபத்திரவம் என்று பார்த்து, அதை மறுபடி பாதியாக்கி, அப்படியே போக வேண்டியது. வள்ளத்தில் கசிவு தேடுகிறவர்களும் பலகை பலகையாக இப்படித்தான் ஒதுக்கிக்கொண்டு வருவார்கள். என் விஷயத்தில் வெறும் கோலத்திலும் பதினாலே தோணிதான். எடிட்டருக்கு விடுதலை. குற்றவாளி கோப்புக்குள் இருந்தான்.

இங்கே ஒரு வார்த்தை. தமிழில் எழுதுகிறவனுக்கு ஈமாக்ஸ் வேறு சில சில்லறைத் தொல்லைகளும் கொடுக்கும். கம்ப்யூட்டரின் விசைப்பலகையையே தமிழுக்கு மாற்றி வைத்தால், கண்ட்ரோலோடு சேர்த்து நாம் தட்டுகிற கட்டளை தமிழெழுத்தாகப் போய்ச் சேரும். 'எனக்கு இது தெரியாது' என்று அது கையை விரித்துவிடும். விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, எடிட்டருக்குள்ளேயே இருக்கும் தமிழ் உள்ளீட்டை கண்ட்ரோலும் பின்சாய்கோடும் தட்டி எழுப்பினால் தீர்ந்தது. அட்டவணை போட்டால் கோடுகள் கோணல்மாணலாக நிற்கும். 'ஞை'யும் 'ர'வும் ஒரே அகலமா என்ன? இவற்றோடெல்லாம் குடித்தனம் செய்யலாம். காணாமற்போன பக்கத்தோடு செய்ய முடியாது.

மறுநாள் முழுவதும் வார்த்தை வார்த்தையாகத் தேடினேன். 'சங்கு' கோட்டுக்கு மேலும் கிடைத்தது, கீழும் கிடைத்தது. 'வாடை'யும் அப்படியே. 'சோழகம்' கோட்டுக்குக் கீழே மட்டும். 'தோணி'யும் 'கொண்டல்' காற்றும் அப்படித்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அறுநூறு பக்கத்தில், அதுவும் திரேஸ்புரத்தைப் பற்றிய அறுநூறு பக்கத்தில், ஒரு தோணிகூட இல்லையா? இது பக்கம் தொலைந்த கதை அல்ல. கிடைக்கும் வார்த்தைகளையும் கிடைக்காத வார்த்தைகளையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதினேன். கிடைக்காதவை அத்தனையிலும் ஒகரமோ ஓகாரமோ இருந்தது.

அறுநூறு பக்கத்தைக் கண்ணால் புரட்டி ஒரு 'தோணி'யைப் பிடித்தேன். இருந்தது, கல்லுப் போல. ஈமாக்ஸில் ஒரு கட்டளை உண்டு: எழுத்தின் மேல் முள்ளை நிறுத்திக் கேட்டால் அந்த எழுத்தின் ஜாதகத்தையே சொல்லும். கோட்டுக்குக் கீழே இருந்த தோணியைக் கேட்டேன். 'த', 2980, அதன்மேல் ஓகாரக் குறி, 3019. மேலே இருந்த தோணியைக் கேட்டேன். 'த', 2980, ஏகாரக் கொம்பு, 3015, கால், 3006. திரையில் இரண்டும் ஒரே தோணி. தேடுகிற யந்திரத்துக்கு இரண்டும் வெவ்வேறு.

காரணம் நம் எழுத்தின் சுபாவத்திலேயே இருக்கிறது. 'தோ' என்று கையால் எழுதும்போது கொம்பு, த, கால் என்று மூன்றாக எழுதுகிறோம். பழைய எழுத்துருக்களும் அந்த வரிசையிலேயே மூன்று துண்டாக வைத்துக்கொண்டன. 1991-ல் வந்த யூனிகோட் உச்சரிப்பு வரிசையைப் பின்பற்றியது. முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. அந்த ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் எழுதலாம், இரண்டும் சமம் என்று விதியும் செய்துவிட்டது. ஆனால் சமம் என்று ஏட்டில் இருந்தால் போதுமா? பார்க்கிறவன் அப்படிப் பார்க்க வேண்டாமா? என் மாற்றி கொம்பை எடுத்து 'த'வுக்குப் பின்னால் வைத்தது, காலோடு சேர்த்து ஒன்றாக்காமல் விட்டுவிட்டது. பாதி வேலை செய்த கொத்தனார்.

எத்தனை இடத்தில் இப்படி என்று எண்ண, மருமகன் பைத்தானில் நாலு வரி எழுதி அனுப்பினான். கோப்பிலேயே ஒட்டி, 'சி'யை இரண்டு முறை தட்டினேன். பைத்தானை ஓட்ட வழியில்லை என்று ஆர்க் மோட் மறுத்தது. பாதுகாப்புக்காக அது தன் சொந்த பாஷையைத் தவிர மற்றவற்றைச் சொல்லாமல் சேர்த்துக்கொள்வதில்லையாம். ஜோடனைக் கோப்பில் பைத்தானுக்கு அனுமதி எழுதிய பின், நிஜமாகவே ஓட்டட்டுமா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டு, விடையை அடியில் எழுதிற்று: நாலாயிரத்துச் சொச்சம். நாலாயிரம் இடத்தில் என் அறுநூறு பக்கம் என் கண்ணெதிரே ஒளிந்துகொண்டிருந்தது.

மருந்து சிறியது. கோப்பைப் பிரதி எடுத்து ஒதுக்கமாக வைத்துவிட்டு, முழுவதையும் தேர்ந்து, 'யூசிஎஸ் நார்மலைஸ் என்எஃப்சி ரீஜன்' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். பெயர்தான் இவ்வளவு நீளம்; வேலை ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கொம்பும் காலும் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. மறுபடியும் நிரலை ஓட்டினேன். பூஜ்யம்.

'கொண்டல்' என்று தேடினேன். ஏழாவது இடத்தில் பெரியவர் இருந்தார். தண்ணீர் தெளிந்த நாளில் அடியில் இருக்கும்போது தோணியின் நிழல் மணலில் விழுந்து கிடக்கும். மேலே காற்று திரும்பினால் தோணி நங்கூரக் கயிற்றில் திரும்பும், நிழலும் சங்கைத் தாண்டி மெல்ல நகரும். நிழல் நகர்ந்தால் அடுத்த சங்குக்கு ஆசைப்படாதே, மேலே வா என்று அவர் தகப்பனார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். என்னுடைய ஞாபகத்தில் நிழல் இருந்தது. 'அடுத்த சங்குக்கு ஆசைப்படாதே' என்றது அடியோடு மறந்து போயிருந்தது.

தாளில் எடுத்துக்கொண்டு போய் மகளிடம் கொடுத்தேன். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"ஒரு சொல்லும் மாத்தலியே சார்?"

"இல்லம்மா."

பாலிதீன் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.

'முடிந்தது' என்று மாற்றினேன். ஆனால் அந்தக் கட்டளையால் தீராத ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது. ஔகாரக் குறியின் வலப்பாதி பார்வைக்கு ளகரம் மாதிரியே இருக்கும். பழைய எழுத்துருக்காலத்தில் அந்த இடத்தில் ளகரத்தையே போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. 'கௌரவம்' என்று திரையில் இருக்கும். உள்ளே கெ, ள. இதை யூனிகோட் சமம் என்று ஒப்புக்கொள்வதில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியாது. கொம்பும் ளகரமும் சேர்ந்து வருகிற இடத்திலெல்லாம் ஔகாரமாக மாற்று என்று யந்திரத்துக்குச் சொன்னால், 'வெள்ள'மும் 'வெள்ளி'யும் 'தெளிவு'ம் கந்தரகோலமாகிவிடும். மருமகனும் இதற்குக் குறுக்கு வழியில்லை என்கிறான். மனிதன் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

நிரலை ஓட்டி, சந்தேகமான இடங்களையெல்லாம் 'பாக்கி' போட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். தினம் காலையில் ஏலச் சத்தம் அடங்கிய பின் இருபது இருபதாகப் பார்க்கிறேன். 'பௌர்ணமி' முடிந்துவிட்டது, மீன்பிடிக்கிறவர்கள் பேச்சில் அது நிறைய வரும். ஔவையார் இரண்டே இடத்தில் இருந்தார். 'மௌனம்' மட்டும் 61 இடத்தில் நிற்கிறது. என் கதாபாத்திரங்கள் இவ்வளவு மௌனமாக இருந்திருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. சிலதை எழுத்துத் திருத்துவதைவிட அடித்துவிடுவது மேல் என்று தோன்றுகிறது.