பவளம் வந்த வழி

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறிச்சத்தம் ஓயாத தெருவில், தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். நாயனா, அதாவது அப்பா, தறியில் உட்கார்ந்தால் தெலுங்கு. நெய்த புடவையை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனால் தமிழ். எனக்கு இரண்டுமே தாய்மொழிதான். ஆனால் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்தியது: "நீங்க எந்த ஊர்லேர்ந்து வந்தவங்க?" பகையோடு கேட்டவர்கள் குறைவு. இருந்தாலும், இந்த மண்ணில் எனக்கு முழுப் பங்கு இல்லையோ என்ற உறுத்தல் சின்ன வயதிலேயே மனசில் தங்கிவிட்டது. தெருவில் அவ்வா, என் பாட்டி, தெலுங்கில் கூப்பிட்டால், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லப் பதில் சொல்வேன்.

அந்த உறுத்தல் நீங்கிய விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதை நீக்கியது மத்தியதரைக் கடல்.

அவ்வாவின் தாலிச்சரட்டில் இரண்டு பொட்டுத் தாலிகளுக்கும் பக்கத்தில் கருமணியும் பவளமும் கோத்திருக்கும். மழைக்காலத்தில் பாவு காயாது, வேலை ஓடாது. அப்போதெல்லாம் வீட்டிலிருந்த மற்ற நகைகள் அடகுக்குப் போகும். சில திரும்பி வராது. பவளம் மட்டும் அவள் கழுத்தை விட்டு இறங்கியதே இல்லை. அது எங்கள் குலத்தின் பொருள், ஆதியிலிருந்தே நம்முடையது என்பாள். நானும் அப்படியே நம்பினேன்.

வரலாறு படிக்கச் சென்னைக்குப் போனபோது, மண்ணடியில் பவளக்காரத் தெருவைப் பார்த்தேன். அவ்வாவின் கழுத்து நினைவுக்கு வந்தது. அந்தத் தெருவுக்கும் பவளத்துக்கும் என்ன உறவு என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வரைபடத்தில் என் விரல் மேற்கே நகர்ந்துகொண்டே போனது.

நம் மன்னார் வளைகுடாவில் இருப்பவை பாறை கட்டும் பவளங்கள். நகைக்கு உதவும் சிவப்புப் பவளம் வேறு. பழங்காலந்தொட்டு நம் நாட்டுக்கு வந்த அந்தப் பவளத்தின் தாய்வீடு மத்தியதரைக் கடல். மேற்கே ஜிப்ரால்டரில் வெறும் 14 கிலோமீட்டர் அகல வாசல். மற்றபடி ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா என்று மூன்று கண்டங்கள் சூழ்ந்த கடல் அது. சார்டினியா, சிசிலி, துனிசியக் கரைகளை ஒட்டிய பாறைச் சரிவுகளில், வெளிச்சம் குறைந்த ஆழத்தில் சிவப்புப் பவளம் வளர்கிறது. ஒரு கிளை ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பதில்லை. மரக்கட்டைகளைச் சிலுவையாகக் கட்டி, வலைகளைத் தொங்கவிட்டு, கடலடியில் இழுத்து அதைப் பறித்து வந்தார்கள்.

அந்தப் பவளம் இங்கே வந்த கதை மிகப் பழையது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிநூல், மேற்குக் கரையின் முசிறித் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளில் பவளத்தையும் சேர்க்கிறது. உரோமானியப் பெண்களுக்கு நம் முத்து எவ்வளவு உயர்வோ, இந்திய ஆண்களுக்குப் பவளம் அவ்வளவு உயர்வு என்று அதே நூற்றாண்டில் உரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். கிழக்குக் கரையிலும் தடயங்கள் உண்டு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது மத்தியதரை நாட்டு மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. நம் பாலாறு கடலில் கலக்குமிடத்துக்கு அருகே, வசவசமுத்திரத்திலும் அத்தகைய ஓடுகள் எடுக்கப்பட்டன. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் யவனரின் அன்ன விளக்கு வருகிறது. எங்கள் ஊர் அரசனைப் பாடிய புலவருக்குக் கடலுக்கு அப்பாலிருந்த மனிதர்களின் விளக்கு பழகிய பொருளாக இருந்திருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்கு அடக்கமுடியாத மகிழ்ச்சி.

ஆனால் என்னை உலுக்கியது பிந்தைய கதை. 1492-இல் ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. ஐந்தாண்டுக்குள் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியது. வீடிழந்து அலைந்த அந்தக் குடும்பங்களுக்கு இத்தாலியின் டஸ்கனிக் கரையில் ஒரு கதவு திறந்தது. சிறிய துறையாக இருந்த லிவோர்னோவைப் பெரிய துறைமுகமாக்க நினைத்த கோமகன் முதலாம் பெர்டினாண்டோ, 1591-லும் 1593-லும் சாசனங்கள் பிறப்பித்து எல்லா நாட்டு வணிகர்களையும் அழைத்தார். யூதர்கள் தனிச் சேரிக்குள் அடைபடாமல் அங்கே வாழ முடிந்தது. அவர்கள் பவளத்தைக் கடைந்து மணியாக்கி விற்கும் தொழிலைக் கைக்கொண்டார்கள். லிவோர்னோ பவளம் லண்டனுக்குப் போய், அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் சென்னைக்கு வந்தது. அதற்கு ஈடாகக் கோல்கொண்டா வைரம் மேற்கே சென்றது. அந்த வணிகத்துக்காக யூதர் சிலர் சென்னையிலேயே குடியேறினார்கள். 1688-இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது ஆல்டர்மேன் எனப்பட்ட அதன் உறுப்பினர்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் நினைவு.

ஆக, அவ்வா ஆதியிலிருந்தே எங்களுடையது என்று சொன்ன பொருள், ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்கள் கடைந்து, கடல் கடந்து வந்த பொருள். அதனால் அவள் சொன்னது பொய்யாகிவிட்டதா? இல்லை. வறுமையிலும் விற்காமல், தினமும் மஞ்சள் பூசிக் காத்தாளே, அந்தக் காப்பில்தான் அது எங்களுடையது ஆனது. எங்கிருந்து வந்தது என்பதும் யாருடையது என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று அன்று புரிந்தது.

அந்தத் தெளிவோடு காஞ்சிபுரத்தைப் பார்த்தேன். இங்கே பட்டுப்புழு வளர்வதில்லை. கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவாளர்கள் விஜயநகர ஆட்சிக் காலத்தை ஒட்டித் தெற்கே வந்தார்கள். தமிழ் நெசவாளர்களோடு தெருக்களைப் பகிர்ந்துகொண்டார்கள். திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில் நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் இங்கே பௌத்த மடங்களைக் கண்டார். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான எங்கள் ஊர்ப் பவளவண்ணர் கோயிலில், பெருமாளின் நிறமே பவளம். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நூல், கரைக்கு ஒரு நூல். மூன்று நாடாக்களோடு இரண்டு பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு இழையிலும் இரண்டையும் பின்னிக்கொண்டே போவார்கள். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது எங்கள் தெருப் பெருமை. ஊரும் அப்படித்தான் உருவாகியிருக்கிறது. ஒவ்வொரு இழையாக, இரண்டு பக்கத்து உழைப்பாலும்.

நான் ஆசிரியை ஆனேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை செய்ய வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பிலும் உட்கார்ந்தார்கள். ஒருநாள் ஒடிசாச் சிறுமி ஒருத்தியிடம் பக்கத்திலிருந்தவள், "நீ எந்த ஊர்லேர்ந்து வந்தே?" என்று கேட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு எனக்குத் தெரியும். பாடத்தை நிறுத்திவிட்டு உலக வரைபடத்தை மாட்டினேன். லிவோர்னோவைக் காட்டினேன், சென்னையைக் காட்டினேன், பவளத்தின் கதை முழுவதையும் சொன்னேன். பிறகு, என் குடும்பமும் வடக்கேயிருந்து வந்ததுதான், வீட்டில் தெலுங்கு பேசுவோம் என்று வகுப்பு முன்னால் முதல் முறையாகச் சொன்னேன். சொல்லும்போது குரல் தாழவில்லை.

எங்கிருந்து வந்தாய் என்ற கேள்வியை நிறுத்தச் சொல்லமாட்டேன். அது நல்ல கேள்வி. ஆனால் அதைக் கேட்கிறவர்கள் வரைபடத்தையும் விரித்து, தங்கள் வீட்டுப் பொருள் எங்கிருந்து வந்தது, தங்கள் பாட்டன் எந்த வழியாக வந்தான் என்றும் தேட வேண்டும். பிள்ளைகளுக்கு அப்படித் தேடக் கற்றுக்கொடுப்பது ஆசிரியர்களான நம் வேலை. ஒருவரை விலக்கி வைக்கக் கேட்ட கேள்வி, அப்போது அவரோடு பேச்சைத் தொடங்கும் கேள்வியாகும்.