கஞ்சி போட்ட சம்மனசு

எங்கள் அம்மா எனக்கு விட்டுட்டுப் போன சொத்து ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி. நாலு விரல் நீளம் இருக்கும். ஒரு முனையை அரத்தால் ராவி, நூல் மாட்டுகிற மாதிரி கொக்கி வெட்டியிருக்கும். மறு முனையில் கை வழுக்காமலிருக்கப் பழைய சேலைத் துணி சுற்றியிருக்கும். மாமா ராவிக் கொடுத்தது. அதுதான் அவள் வீட்டில் லேஸ் போட்ட ஊசி.

கன்னியர் மடத்து லேஸ் அறையில் நல்ல ஊசி இருந்தது. ஆனால் சாயங்காலம் மணி அடித்ததும் சிஸ்டர் ஊசிகளை எண்ணி வாங்கி டப்பாவில் போட்டுப் பூட்டுவார். ஒரு ஊசி குறைந்தால் முதலில் யாருடைய முந்தியை அவிழ்த்துப் பார்ப்பார்கள் என்று இதை வாசிக்கிற தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டுக்கு ஒரு ஊசி குடுங்க மதர், ராத்திரி உக்காந்து போட்டுட்டு வாரேன்" என்று அம்மா ஒருதரம் கேட்டிருக்கிறாள். கொடுக்கவில்லை. அதனால்தான் இந்தப் போக்ஸ் கம்பி.

அம்மா அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, 1960-ல் பன்னிரண்டு வயசில் அந்த அறைக்குப் போனாள். கல்யாணம் ஆகி நான் பிறந்த பிறகும் போனாள். காலையில் களையெடுத்துவிட்டு மத்தியானம் லேஸ். நூல் வெள்ளை நூல், அழுக்குப் படக் கூடாது. மேலத்தெருப் பிள்ளைகள் ஒருதரம் கை கழுவினால் போதும். கீழத்தெருவிலிருந்து போன எங்க அம்மா சோப்புப் போட்டு ரெண்டு தரம் கழுவிக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். பீடத்துக்குத் துணி, சாமியார் உடுப்புக்கு ஓரம், மேசைக்கு விரிப்பு என்று வருசம் முழுக்க வேலை. அக்டோபர் பிறந்தால் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிற சம்மனசு. அதெல்லாம் பார்சலாகி வெளிநாடு போகும். ஒரு சம்மனசுக்கு அம்மாவுக்குக் கிடைத்தது எட்டணா. அங்கே அது என்ன விலைக்குப் போனது என்று அவளுக்குச் சாகும்வரை தெரியாது.

சம்மனசு என்றால் எங்கள் கத்தோலிக்கத் தெருக்களில் தேவதூதர். எனக்கும் ஒரு சம்மனசு ஆசை இருந்தது. 1976-ல் எனக்கு ஒன்பது வயசு. நடுச்சாமப் பூசைக்கு முன்னால் நாடகம். நான் சம்மனசாக நிற்கிறேன் என்று கை தூக்கினேன். சொல்லிக் கொடுத்த சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ மேய்ப்பர் கூட்டத்துல நில்லு" என்றார். எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் மேய்ப்பர்கள்தான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றோம். சம்மனசுகள் நாலு பேர், நாலும் மேலத்தெரு. வெள்ளைக் கவுன், வெள்ளைச் சிறகு. அந்தச் சிறகின் ஓரத்தில் விசிறி விசிறியாக ஓடிய லேஸைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் எங்க அம்மா நான் தூங்குகிறவரைக்கும் போட்டுக்கொண்டிருந்த லேஸ் அது.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா சொன்னாள்: "ஏ புள்ள, சம்மனசு வந்து மொதல்ல யாருகிட்டச் சேதி சொன்னுச்சு? அரமணையிலயா போயிச் சொன்னுச்சு? ராத்திரி முழிச்சு ஆடு காத்தவங்ககிட்டதான சொன்னுச்சு. நீ மேய்ப்பரா நின்னது ஒன்னும் கொறச்சலில்ல."

நல்ல பதில்தான். அன்றைக்கு அதைக் கேட்டுத் தூங்கிவிட்டேன். பிறகுதான் உறைத்தது, ஆறுதல் வேறு, நியாயம் வேறு. மேய்ப்பராக நிற்பது பெருமை என்றால் மேலத்தெருப் பிள்ளைகளும் ஒரு வருசம் அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டிருக்கலாமே!

அம்மா 2009-ல் இறந்தாள். அவள் பின்னிய ஓரம் வைத்த துணி பீடத்தில் கிடந்தது. அந்தப் பீடத்துக்கு முன்னால் அவள் பெட்டியை வைக்க எங்களுக்கு வழக்கமில்லை என்றார்கள். சாமியார் எங்கள் தெருச் சிலுவையடிக்கு வந்து மந்திரித்துவிட்டுப் போனார். கல்லறையில் நடுச்சுவர் உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் புதைத்தோம். அவள் கைவேலைக்குக் கோயிலுக்குள் இருந்த இடம் அவளுக்கு இல்லை.

பால்வாடி வேலைக்குப் போன பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். லேஸ் பற்றிப் படித்தபோது ரெண்டு சேதி என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று நாகர்கோவில். 1819-ல் அங்கே வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அது எங்கள் கொக்கி ஊசி வேலை இல்லை. திண்டுத் தலையணையில் குண்டூசி குத்தி, சின்னச் சின்னக் கட்டைகளில் நூல் சுற்றி மாற்றி மாற்றிப் பின்னுவது. அந்தப் பிள்ளைகளில் அடிமைகளும் இருந்தார்கள். லேஸில் சம்பாதித்த காசைக் கொடுத்துச் சில பேர் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை ஒழித்து அறிவித்தது 1855-ல்தான். அதற்கும் முன்னாலேயே நூலைப் பின்னி விலங்கை அவிழ்த்தவர்கள் அந்தப் பெண்கள்.

இன்னொன்று ஆந்திராவில் நரசாபூர். அங்கே போடுவது நம்ம கொக்கி ஊசி லேஸ்தான். அதுவும் மிஷனரிகள் கொண்டுவந்ததே. மரியா மீஸ் என்கிற ஜெர்மன் பெண்ணிய ஆய்வாளர் அந்தப் பெண்களோடு பேசி 1982-ல் ஒரு புத்தகம் போட்டார். ஏற்றுமதி வியாபாரிகள் கொழுத்தார்கள். நாள் முழுக்க முதுகு வளைந்து பின்னிய பெண்களோ தொழிலாளி என்ற கணக்கிலேயே வரவில்லை. வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கிற நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்வது என்று சொல்லிவிட்டார்கள். பொழுதுபோக்குக்கு யாராவது கூலி கேட்பார்களா? எங்க அம்மாவின் எட்டணாவுக்கு அர்த்தம் அந்தப் புத்தகத்தில்தான் கிடைத்தது. ஒரே லேஸ்தான். காசு பின்னியவள் கைக்கு வந்த இடத்தில் அது விடுதலை. வராத இடத்தில் அது ஜெபமாலை மாதிரி உருட்டிக்கொண்டே இருக்கிற வேலை.

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் ஆறு பேர் வந்தார்கள். "அத்தே, கடையில விக்கிற பிளாஸ்டிக் சம்மனசு வேண்டாம். பாட்டி போட்ட மாதிரி போடச் சொல்லிக்குடுங்க" என்றார்கள். டவுனில் ஆறு ஊசியும் இருபதாம் நம்பர் நூலும் வாங்கிவந்தேன். திண்ணையில் உட்கார்ந்தோம்.

தலையிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு செயின் போட்டு வளையமாக இணைத்து, அதற்குள் பன்னிரண்டு டபுள். அடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் ரெண்டு ரெண்டாகப் போட்டால் பதினெட்டு. நாலு சுற்று கூட்டாமல் குறைக்காமல் போனால் கிண்ணம் மாதிரி வரும். பிறகு குறைத்துக்கொண்டே வந்து, வாய் மூடுவதற்குள் பஞ்சை அடைத்துவிட வேண்டும். ஒன்பது தையலில் கழுத்து. அங்கிருந்து டிரபிளாகப் போட்டுச் சுற்றுக்குச் சுற்று கூட்டினால் பாவாடை விரியும். ஓரத்துக்கு ஒரே கண்ணில் அஞ்சு டிரபிள், அதுதான் விசிறி. சிறகு ரெண்டும் தனியாகப் போட்டு முதுகில் தைப்பது. தலைக்கு மேல் ஒரு செயின் வளையம். முழுதும் முடிந்தால் ஒரு சாண் கூட வராது.

பின்னி முடித்ததும் துவண்டுபோய்த்தான் கிடக்கும். விறைப்பாக நிற்கப் பசை வேண்டும். மடத்தில் சீனிப்பாகில் முக்குவார்களாம். எங்கள் வீட்டில் காப்பிக்கே சீனி கிடையாது. அம்மா வடிகஞ்சியை இன்னும் கொஞ்சம் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அதில் முக்கிப் பிழிந்து, அட்டையைக் கூம்பாகச் சுருட்டி அதன் மேல் மாட்டி வெயிலில் வைப்பாள். நாங்கள் குடித்தது போக மிஞ்சின கஞ்சியில் அந்தச் சிறகு விறைத்து நிற்கும். சீனி போட்டதற்கு எறும்பு வரும், இதற்கு வராது. பிள்ளைகளுக்கும் கஞ்சிதான் சொல்லிக்கொடுத்தேன்.

ஆறாவது படிக்கிற சின்னவள் தலையைப் போடும்போது கேட்டாள்: "அத்தே, மூஞ்சிக்கு மட்டும் நம்ம கலர்ல நூல் இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருசமாகச் சம்மனசு போடுகிறேன். நாடகத்தில் நிற்க விடவில்லை என்று இன்றுவரை மனசுக்குள் குமைகிறேன். ஆனால் என் கையும் வெள்ளை மூஞ்சியைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கொஞ்சம் நூலை எடுத்துத் தேயிலைச் சாயத்தில் உப்புப் போட்டு ஊறவைத்தோம். காய்ந்ததும் அவள் தன் கையோடு வைத்துப் பார்த்தாள். "இன்னொருக்க முக்கணும்" என்றாள். முக்கினோம்.

ஒரு சம்மனசுக்கு என் கைக்கு அஞ்சு மணி நேரம் ஆகிறது. டவுன் கடைக்காரரிடம் காட்டினோம். "நல்லாருக்கு, நாப்பது ரூவாய்க்கு எடுத்துக்கிறேன்" என்றார். பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். மணிக்கு 8 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்தால் 64 ரூபாய், நூல் காசும் அதற்குள்தான். 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். அதில் அஞ்சில் ஒரு பங்கு! "அப்ப பாட்டியை ஏமாத்துனாங்களா அத்தே?" என்று மூத்தவள் கேட்டாள். ஆமா என்றேன். கடைக்காரருக்குக் கொடுக்கவில்லை. போட்ட பன்னிரண்டையும் எங்கள் தெருக் குடிலுக்கு மேலே கட்டினோம். அடுத்த வருசம் விற்பதென்றால் விலையை நாங்கள் சொல்வது என்று முடிவு.

கடைசி நாள் இருட்டினதும் பிள்ளைகள் எழுந்தார்கள். ஊசிகளை என் முன்னால் வரிசையாக வைத்தார்கள். என் கண் தன்னால் எண்ண ஆரம்பித்தது. ஒன்று, ரெண்டு, மூன்று... நிறுத்திக்கொண்டேன்.

"எடுத்துட்டுப் போங்க புள்ள. ஒங்க ஊசி" என்றேன்.