மலைக்கு நடுவில் ஒரு கடல்

புதுச்சேரிக்காரர்களுக்குக் கடல் என்றால் என்ன? காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர், அதற்கு மேல் வானம், அவ்வளவுதான். நார்வேயில் கடல் அப்படியில்லை. அது ஊருக்குள்ளேயே வருகிறது. ஆறு மாதிரி வளைந்து வளைந்து, இரண்டு பக்கமும் சுவர் போல நிற்கும் மலைகளுக்கு நடுவே நுழைந்து, கடைசியில் ஒரு சின்ன ஊரின் வாசற்படியில் வந்து நின்று விடுகிறது. இதற்கு ஃபியோர்ட் என்று பெயர். பல ஆயிரம் வருஷங்களுக்கு முன் பனிப்பாறைகள் நகர்ந்து நகர்ந்து மலையைக் குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்துகொண்டது. அலையே கிடையாது. நம் ஊசுட்டேரி போலத் தூங்குகிறது. இது கடலா என்று சந்தேகப்பட்டுக் கையில் அள்ளி நாக்கில் வைத்தேன். லேசாக உப்புக் கரித்தது.

என் மகளும் மாப்பிள்ளையும் ஓலெசுண்ட் என்ற துறைமுக ஊரில் இருக்கிறார்கள். பேரனுக்கு எட்டு மாசம் ஆனபோது, ஒரு ஜூன் மாதத்தில், சாரத்திலிருந்து கிளம்பினேன். எங்கள் பக்கத்தில் பாரீசில் உறவுக்காரர் இருக்கிற வீடுகள் பல உண்டு. அதனால் வெளிநாடு என்றால் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் நார்வே என்றதும் எதிர்வீட்டு அம்மா முகத்தைச் சுளித்தார். "அங்கே குளிர் காலத்தில சூரியனே வராதாமே! பச்சைக் குழந்தையை எப்படித்தான் வளர்க்கிறா உன் பொண்ணு?" என்றார். எனக்கும் மனசுக்குள் அதே கேள்விதான்.

ஓலெசுண்ட் அழகான ஊர். 1904ஆம் வருஷம் ஜனவரியில் ஒரே இரவில் ஊர் எரிந்து போயிற்றாம். எல்லாம் மர வீடுகள். பத்தாயிரம் பேர் நடுக்குளிரில் வீதிக்கு வந்தார்கள். ஆனால் இறந்தவர் ஒரே ஒருவர் என்கிறார்கள். அடுத்த சில வருஷங்களில் கல்லாலும் செங்கல்லாலும் புது ஊரையே எழுப்பிவிட்டார்கள். கோபுரமும் வளைவும் பூவேலையுமாக ஒரே பாணியில் நிற்கிற அந்த வீடுகளைப் பார்க்க, ஊர் நடுவிலிருக்கும் குன்றில் 418 படி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் காரிலேயே மேலே போகலாம். நான் காரில்தான் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்தவுடன் நான் கண்ட காட்சியைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை இடுப்பில் பிள்ளை, அடுப்பில் கஞ்சி. மகள் வேலைக்குப் போயிருந்தாள். "லீவு போட்டீங்களா மாப்பிள்ளை?" என்றேன். "இது அப்பாவுக்கு உள்ள லீவு அத்தை. நான் எடுக்கலைன்னா வீணாப் போயிடும்" என்றார். அங்கே பிள்ளைப்பேற்று விடுப்பு முழுச் சம்பளத்தோடு மொத்தம் 49 வாரம். அதில் 15 வாரம் தகப்பனுக்கு மட்டுமே உரியது. சாதாரணமாகத் தாய்க்கு மாற்றிக் கொடுக்க முடியாது. தெருவில் பார்த்தால் தள்ளுவண்டியோடு போகிறவர்களில் பாதிப்பேர் மீசைக்காரர்கள்!

அந்தத் தள்ளுவண்டி விஷயத்தில்தான் எனக்கும் மகளுக்கும் முதல் சண்டை. மத்தியானத் தூக்கத்துக்குப் பிள்ளையை வண்டியில் போட்டு, கம்பளி போர்த்தி, வாசலில் கொண்டு போய் நிறுத்தி விட்டாள். வெளியே தூறல். "அடிப்பாவி, சளி பிடிக்குமேடி!" என்று நான் கத்த, "இங்கே எல்லாப் பிள்ளையும் இப்படித்தாம்மா தூங்குது. வண்டிக்கு மூடி இருக்கு, உள்ளே ஆட்டுக் கம்பளி இருக்கு, கழுத்துக்குள்ளே விரலை விட்டுப் பாரு, சூடா இருக்கும்" என்றாள். விட்டுப் பார்த்தேன். கதகதப்பாகத்தான் இருந்தது. மோசமான வானிலை என்று ஒன்று கிடையாது, மோசமான உடுப்புத்தான் உண்டு என்பது அந்த ஊர்ப் பழமொழி. கடுங்குளிரில் மட்டும் வெளியே விடுவதில்லை. நம் ஊர்க் கொசுவை வைத்துக்கொண்டு இதை யாரும் இங்கே செய்து பார்க்க வேண்டாம்!

சனிக்கிழமை எல்லோருமாகக் கெய்ராங்கருக்குக் கிளம்பினோம். வழியில் காரோடு படகில் ஏறிக் கடலைத் தாண்ட வேண்டும். படகில் 'ஸ்வேலெ' என்று ஒரு பண்டம் சுடச்சுட விற்கிறார்கள். நம் ஊத்தப்பத்துக்குச் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கிறது. படகு விட்டு இறங்கி மலை ஏறி, அந்தப் பக்கம் பதினோரு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் கெய்ராங்கர். இந்தப் பாதை 1955இல்தான் வந்தது. அதற்கு முன்பு குளிர் காலத்தில் வேறு வழி பனியில் மூடிவிடும். படகைத் தவிர கதியில்லை. பிரசவ வலி எடுத்தாலும் படகுதான் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் ஏறத்தாழ 250 பேர். நம் பக்கத்தில் ஒரு தெருவுக்குக் கூடக் காணாது. கோடையில் வந்து போகும் பயணிகளோ லட்சக்கணக்கில். ஊரை விடப் பெரிய கப்பல்கள் வந்து நிற்கின்றன. கப்பல் புகை மலைகளுக்கு நடுவில் தேங்கி நிற்பதால், இந்த ஃபியோர்டுக்குள் புகைவிடும் பயணிக் கப்பல்களைப் படிப்படியாக நிறுத்தச் சட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள். 1842இல் கட்டிய எண்கோண வடிவ வெள்ளை மாதா கோவில் ஒன்று மேட்டில் இருக்கிறது. அருவியை ஒட்டி 327 படி இறங்க ஒரு நடைபாதையும் உண்டு.

படகுச் சவாரியில்தான் 'ஏழு சகோதரிகள்' அருவியைப் பார்த்தேன். ஏழு தாரையாக மலையிலிருந்து விழுகிறது. ஏழு கன்னிமாரைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான், கை தானாகக் கூப்பியது. நேர் எதிரே இன்னொரு அருவி. அதன் பெயர் 'பெண் கேட்டு வந்தவன்'. ஏழு பேரையும் கேட்டானாம், ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. பிறகு அவன் குடிக்க ஆரம்பித்து விட்டானாம். அருவி நடுவில் புட்டி வடிவம் தெரிகிறது பாருங்கள் என்று காட்டுகிறார்கள். எந்த நாட்டிலும் ஆண்பிள்ளைக்கு இந்தச் சாக்கு ஒன்று கிடைத்து விடுகிறது!

அதே மலைகளில், தண்ணீருக்கு மேல் 250 மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பண்ணை வீடுகளும் தெரிந்தன. ஸ்காகெஃப்ளோ என்பது அதில் பேர் பெற்றது. ஒரு காலத்தில் ஆடு வளர்த்து, பாலாடைக்கட்டி செய்து அங்கே குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. பிள்ளைகள் விளையாடும்போது உருண்டு கடலில் விழாமல் இருக்க இடுப்பில் கயிறு கட்டி வைப்பார்களாம். இப்போது யாரும் இல்லை. 1993இல் அந்த நாட்டு ராஜாவும் ராணியும் தங்கள் வெள்ளி விழாத் திருமண நாளை அங்கே போய்க் கொண்டாடினார்கள். எனக்கோ அந்தக் கயிறு கட்டின தாயின் நினைவுதான். அடுப்பு ஒரு கண், கயிறு ஒரு கண் என்று அவள் எத்தனை வருஷம் இருந்தாளோ!

நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தபோது (மகள் மொழிபெயர்த்தாள்) இந்த அழகுக்குப் பின்னால் இருப்பது தெரிந்தது. பக்கத்து டாஃபியோர்டில் 1934 ஏப்ரல் 7ஆம் தேதி அதிகாலை ஒரு மலைத்துண்டு கடலில் சரிந்தது. குறுகின இடம், தண்ணீர் போக வழியில்லை. 60 மீட்டர் உயரத்துக்கு மேல் அலை எழும்பி, 40 உயிர்களைக் கொண்டு போயிற்று. இப்போது கெய்ராங்கருக்குப் போகும் நீர்வழியில் ஓக்கெர்னெஸ் என்ற மலையில் பெரிய விரிசல் இருக்கிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. அது விழுந்தால் பத்து நிமிஷம் போலத்தான், அலை ஊருக்குள் வந்து விடும். அதனால் மலை முழுக்கக் கருவிகளைப் பதித்து இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள். பாறை வேகமாக நகர ஆரம்பித்தால் முன்கூட்டியே ஊரைக் காலி செய்யத் திட்டம் இருக்கிறது. அபாயச் சங்கும் இருக்கிறது.

"பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயமாக இல்லையா?" என்று கேட்கச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டு, "உங்கள் அம்மா கடற்கரை ஊரிலிருந்துதானே வந்திருக்கிறார்? அவருக்குப் பயமில்லையா?" என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. 2004 டிசம்பர் 26 காலையில் நம் மீனவர் குப்பங்களில் எத்தனை தாய்மார் கைக்குழந்தையோடு ஓடினார்கள்! காரைக்கால் பக்கம் எத்தனை வீடு அழிந்தது! அன்றைக்கு நமக்குச் சொல்ல ஆளில்லை, சங்கில்லை. ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைந்தது 2007இல்தான். அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மலை பயம் பாதி. பதினோரு மணிக்கும் வெளிச்சமாகவே இருந்தது மீதி. கோடையில் அங்கே எல்லா வீட்டிலும் பிள்ளை தூங்கக் கறுப்புத் திரை கட்டுகிறார்கள்.

திரும்பி வந்த பிறகு, ஓலெசுண்டில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் எங்களை விருந்துக்கு அழைத்தார். 1970, 80களில் இலங்கைத் தமிழர் பலர் நார்வேக்கு வந்து, வடகோடியில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். இவரும் கலியாணம் கட்டி அங்கேதான் வந்தவர். "வாங்கோ அன்ரி, இருங்கோ" என்று அவர் கொண்டு வந்து வைத்த இடியப்பமும் சொதியும்தான் அந்த நாட்டில் நான் வயிறாரச் சாப்பிட்ட சாப்பாடு.

எதிர்வீட்டு அம்மாவின் கேள்வியை அவரிடம் கேட்டேன். "அங்க ரெண்டு மாசத்துக்குச் சூரியனைக் காணேலாது அன்ரி. முதல் பிள்ளை பிறந்ததும் அந்த இருட்டுக்கைதான். அம்மா இல்லை, மாமி இல்லை. இவர் வேலைக்குப் போனாப் பிறகு நானும் பிள்ளையும் சேர்ந்து அழுவம்" என்றார். ஊரிலுள்ள தாய்சேய் நல நிலையத்துக்கு எடை பார்க்கப் போயிருக்கிறார். நர்ஸ் பிள்ளையை நிறுத்துப் பார்த்துவிட்டு, இவர் பக்கம் திரும்பி, "நீ எப்படி இருக்கிறாய்? தூங்குகிறாயா?" என்று கேட்டாராம். "என்னை ஒருத்தர் கேட்டது அதுதான் முதல்தரம்" என்று சொல்லும்போது, இத்தனை வருஷம் கழித்தும் அவருக்குக் குரல் கம்மியது. பிறகு வாராவாரம் வந்து போகச் சொல்லியிருக்கிறார்கள். மெல்ல மெல்லத் தேறினாராம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். திமிரோ சோம்பலோ அல்ல. வீட்டில் பிள்ளை பெற்றவள் காரணமில்லாமல் அழுதால், சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தால், "பால் கட்டிடும், அழாதே" என்று அதட்டி விடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

சூரியன் இல்லாத குறைக்கு அவர்களுக்கு விட்டமின் டி. பிறந்த குழந்தைக்குச் சொட்டு மருந்து. பெரியவர்களுக்குக் காலையில் ஒரு சிறு கரண்டி மீன் எண்ணெய். காட் மீனின் ஈரலிலிருந்து எடுப்பது. நம்மூரிலும் குழந்தை மருத்துவர்கள் முதல் வருஷம் தினம் 400 யூனிட் சொட்டு மருந்து தரச் சொல்கிறார்கள். அளவைக் கேட்டுக் கொடுங்கள். மீன் எண்ணெயை நாமாக வாங்கி ஊற்றக் கூடாது. அதிலுள்ள விட்டமின் ஏ அதிகமானால் கெடுதல்.

இன்னொரு பண்டம் சொல்ல மறந்தேன்: பழுப்புப் பாலாடைக்கட்டி. பாலைத் திரித்துக் கட்டியை எடுத்தபின் மிஞ்சும் தெளிந்த நீரைக் கொட்டாமல், மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சுகிறார்கள். அதிலுள்ள சர்க்கரை முறுகி, நம் திரட்டுப்பால் நிறம் வந்து விடுகிறது. 1863இல் ஆனெ ஹோவ் என்ற பண்ணைப் பெண் இதில் பாலேடு சேர்த்துச் செய்து பார்த்தார். அது விலைபோய், பிறகு ஊரெல்லாம் பரவி, அந்தப் பகுதிக் குடியானவர்களுக்கு நல்ல வருமானமாயிற்று. ரொட்டியின் மேல் மெல்லியதாகச் சீவிப் போட்டுச் சாப்பிட வேண்டும். முதல் நாள் பிடிக்காது. மூன்றாம் நாள் கேட்டு வாங்குவீர்கள்.

போக நினைப்பவர்கள் ஜூன், ஜூலையில் போங்கள். அப்போதும் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, நல்ல பூட்ஸ் வேண்டும். புடவையில் மலைப்படி ஏற முடியாது. நான் சல்வார் போட்டுக்கொண்டேன். ஹோட்டல் சாப்பாடு யானை விலை. பொடி வகை, புளி, அப்பளம் கொண்டு போனால் பிழைத்தீர்கள். பால் பொருளும் இறைச்சியும் நம் நாட்டிலிருந்து எடுத்துப் போக அனுமதியில்லை. ஆகவே நெய்ச் செம்பைக் கட்டாதீர்கள். அங்கே உப்பில்லாத வெண்ணெய் கிடைக்கிறது. வாங்கி உருக்கினேன், மணல் மணலாக நெய் உறைந்தது. முருங்கைக்கீரைதான் இல்லை.