மழை விட்ட பிறகு

மழையில் நனையும்போது கெட்டுப்போகிற கேமராக்களைவிட, மழை விட்ட பிறகு கெட்டுப்போகிறவைதான் அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஐப்பசி மழையில் தெருவில் நின்று படம் எடுக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கொட்டுகிற மழையில் கேமரா ஒழுங்காகத்தான் வேலை செய்யும். வீட்டுக்கு வந்ததும் படங்களைப் பார்க்கிற அவசரத்தில் மெமரி கார்டு மூடியைத் திறப்போம். விளிம்பில் தேங்கியிருந்த நீர் அப்போதுதான் உள்ளே இறங்கும்.

விலை கூடிய கேமராக்களில் பட்டன், டயல், பேட்டரி மூடி, லென்ஸ் பொருந்தும் வளையம் என இடுக்குள்ள இடங்களிலெல்லாம் மெல்லிய ரப்பர் வைத்து அடைத்திருப்பார்கள். 2006-ல் வந்த பென்டாக்ஸ் கே10டி-யில் இப்படி 72 அடைப்புகள். ஆனால் எவ்வளவு மழையை எவ்வளவு நேரம் தாங்கும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் எண்ணில் சொல்வதில்லை. ஒலிம்பஸ் சொன்னது. 2019-ல் வந்த அதன் இ-எம்1எக்ஸ், ஐபிஎக்ஸ்1 தரம். அதே வழியில் 2022-ல் வந்த ஓஎம்-1, ஐபி53. முன்னது நேராகச் சொட்டும் நீருக்கு: நிமிடத்துக்கு 1 மி.மீ. வீதம் 10 நிமிடம். பின்னதில் உள்ள 3 என்ற எண், 60 டிகிரி வரை சாய்ந்து விழும் நீருக்கும் தாங்கும் என்பதைக் காட்டுகிறது.

நிமிடத்துக்கு 1 மி.மீ. என்றால் மணிக்கு 60 மி.மீ. நல்ல கனமழைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அதைச் சராசரியாக்கினால்கூட மணிக்கு 20 மி.மீ.தான் வரும். ஆனால் மழை சராசரியாகப் பெய்வதில்லை. பத்து நிமிடத்தோடு நிற்பதும் இல்லை. புயல் காற்று சுழற்றி அடிக்கும்போது சாரல் எந்தப் பக்கமிருந்தும் வரும். மெரினா பக்கம் என்றால் அதில் உப்பும் சேர்ந்திருக்கும். மின்சாரம் ஓடுகிற தகட்டில் உப்பு நீர் பட்டால் செம்பு அரிக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் நீர் புகுந்த கேமராவை, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஆன் செய்யவே கூடாது. வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும்.

லென்ஸ் இன்னொரு வழி. நீண்டு சுருங்குகிற ஜூம் லென்ஸ், சைக்கிள் பம்பு மாதிரி காற்றை இழுத்து இழுத்து விடும். குழல்மேல் நிற்கிற நீரையும் சேர்த்து இழுக்கும். கேனனின் 17-40 எல் லென்ஸுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டினால்தான் அடைப்பு முழுமையாகும். இதைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை.

"மழையில நனைஞ்சு வர்றது கம்மிதான் சார். ஈரத்தோட பையில வச்சு மூடிடுவாங்க, அடுத்த கல்யாண சீசன்லதான் திறப்பாங்க. அதுக்குள்ள ஃபங்கஸ் பிடிச்சிரும்" என்றார் எனக்குத் தெரிந்த ரிப்பேர்காரர் ஒருவர். அவர் காட்டிய லென்ஸில் சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. துடைத்து எடுத்தாலும், கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்த தடம் போகாது. கார்த்திகை மாதத்துக் காற்றில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும். நனைந்த பை என்றால் கேட்கவே வேண்டாம். பையின் ஸ்பாஞ்சுத் தடுப்புகளைத் தனியே பிரித்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்த பிறகுதான் கேமராவை உள்ளே வைக்க வேண்டும். கூடவே புதிய சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கிற வைத்தியம் வேண்டாம், அரிசி மாவு இடுக்குகளில் போய்ச் சேரும்.

அடைப்பு ரப்பருக்கும் வயதாகும். ஐந்தாறு வெயில் காலம் பார்த்த கேமராவை வாங்கிய அன்றைய நம்பிக்கையோடு மழையில் நீட்ட முடியாது. வெள்ளத்தில் இடுப்பளவு நீரில் நின்று படம் எடுக்கிற பத்திரிகைப் புகைப்படக்காரர்கள், எவ்வளவு விலை கூடிய கேமராவாக இருந்தாலும் மேலே ஒரு பாலித்தீன் கவரைச் சுற்றி, லென்ஸ் முனையில் ரப்பர் பேண்ட் போட்டுவிடுகிறார்கள். ஊர் எப்படித் தவித்தது என்பதை அவர்கள் படங்களால்தான் நாம் பார்க்கிறோம். அப்படி உழைக்கிறவர்களுக்காகவாவது, இந்தக் கேமரா எத்தனை நிமிட மழையைத் தாங்கும் என்று ஒவ்வொரு நிறுவனமும் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும்.