நடு ராத்திரியில் ஒரு பெண் குரல்

ராத்திரி ரெண்டரை மணி. ஊரே அடங்கிக் கிடக்கிறது. எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாகப் பேசுகிறது.

"தொட்டி நிரம்பிவிட்டது. தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும்."

என் மனைவி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்க... யாருங்க அது?"

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில், இந்த வீட்டில் என்னிடம் யாரும் 'தயவுசெய்து' என்று சொன்னதில்லை. அதனால் எனக்கும் ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டியில் 450 ரூபாய் கொடுத்து வாங்கி வந்து மாட்டிய அலாரம்! டார்ச்சை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். மோட்டார் ஓடவே இல்லை. தொட்டியில் கால்வாசிகூடத் தண்ணீர் இல்லை.

கீழே வந்தால் திண்ணையில் அப்பா முழித்துக்கொண்டிருக்கிறார். "இன்னாடா, வந்த அன்னிக்கே பொய் சொல்லுது அந்தம்மா?" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் படுத்துவிட்டார்.

தண்ணீரைக் காவல் காக்க ஒரு கருவி வாங்கும் அளவுக்கு எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும்.

ஊர், சுண்ணாம்புக்குளம். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரைப் பக்கம். கொஞ்சம் வடக்கே போனால் ஆந்திரா வந்துவிடும். ஏரி என்றதும் செம்பரம்பாக்கம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். இது உப்பங்கழி. ஒரிசாப் பக்கம் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரியது. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். பழவேற்காட்டு முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வரும். இரண்டும் கலந்த தண்ணீரில் இறாலும் நண்டும் சௌக்கியமாக வளரும். மனுஷன்தான் குடிக்க முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், குடிப்பதற்கு 20 லிட்டர் கேன். ஊர்ப் பேரில் குளம் இருக்கிறது, சுண்ணாம்பும் இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டும் சுவரில் கசிந்து, உதிர்ந்துகொண்டிருந்தது தனிக் கதை.

முதல் கசிவைக் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை. என் அம்மாவின் நாக்கு.

ஒரு நாள் காலையில் உலையில் ஊற்றப் போன தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "கரிக்குதுடா" என்றாள். நான் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மனைவி குடித்தாள். "அத்தை, உங்களுக்கு வாய் சரியில்ல" என்றாள். மறுநாளும் அம்மா அதையே சொன்னாள். கூடவே ஒரு குறிப்பு: "தண்ணி விட்ட ஒடனே கரிக்குது. கொஞ்ச நேரம் போனா சரியாயிடுது."

நான் பொன்னேரியில் பி.காம் படித்தவன். கணக்கு இடித்தால் எனக்குத் தூக்கம் வராது. ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக் குழாயெல்லாம் மூடி, சம்ப்பில் தண்ணீர் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். இது ஆரம்ப இருப்பு. விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது. இறுதி இருப்பு சரி. சம்ப் ஒழுகவில்லை. அப்படியென்றால் தப்பு சம்ப்புக்கு வரும் வழியில்.

வீட்டுக்கு முன்னால் மண்ணைத் தோண்டினோம். ஒன்றரை அடியில் பி.வி.சி. எல்போ ஒன்று மயிரிழை அளவுக்கு விட்டிருந்தது. குழாயில் தண்ணீர் வரும்போது உள்ளிருந்து வெளியே கசியும். தண்ணீர் நின்றதும் உள்ளே அழுத்தம் இல்லை. அப்போது சுற்றியிருக்கிற உப்பு ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். அடுத்த முறை தண்ணீர் விட்டதும் முதல் வாளியில் அதுதான் விழும். நாள் முழுக்கத் தண்ணீர் வராத ஊர்களில் குழாய் உடைந்தால் தண்ணீர் வீணாவது பாதித் தொல்லைதான். மீதித் தொல்லை இது. எங்களுக்காவது உப்பு வந்தது, நாக்குக்குத் தெரிந்தது. பக்கத்தில் சாக்கடை ஓடுகிற வீட்டில் என்ன வரும் என்று நான் எழுத வேண்டாம், நீங்கள் காபி குடித்துக்கொண்டு படிப்பீர்கள்.

(அந்த எல்போவை வாங்கியது யார் என்று கேட்காதீர்கள். விலை குறைவாக இருந்தது, வாங்கினேன்.)

அம்மாவின் நாக்கை எத்தனை நாளைக்கு நம்புவது? அதற்கும் வயசாகிறது. அதனால்தான் கருவி. கடைக்காரர் இரண்டு எடுத்துக் கொடுத்தார். ஒன்று பேசும், தொட்டியின் வாய்க்கு. இன்னொன்று தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, வீல் என்று கத்தும். அதைக் கசிவு வரக்கூடிய இடத்தில் தரையில் வைக்க வேண்டும். மொட்டை மாடியில் தொட்டிக்கு அடியில் வைத்தேன்.

அதற்குள் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. இரண்டு உலோக முனைகள், நடுவில் இடைவெளி. தண்ணீர் வந்து இரண்டையும் தொட்டால் மின்சாரம் தண்ணீர் வழியாகக் கொஞ்சூண்டு கடக்கும். ஒரு டிரான்சிஸ்டர் அதைப் பெரிசாக்கி மணி அடிக்கும். உப்புத் தண்ணீர் என்றால் மின்சாரம் இன்னும் சுலபமாகக் கடக்கும். அதனால் எங்கள் ஊரில் இது அமோகமாக வேலை செய்ய வேண்டும், இல்லையா? செய்தது. அளவுக்கு மீறிச் செய்தது! ஏரிக்காற்றில் வரும் உப்பு முனைகளில் படியும். ராத்திரிப் பனி அதை நனைக்கும். அது போதும் அந்த அம்மாளுக்கு, ரெண்டரை மணிக்குத் தொட்டி நிரம்பிவிடும். ஒரே மாசத்தில் முனைகளில் பாசி மாதிரி பச்சை பூத்துவிட்டது.

அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. நாற்பது வருஷம் ஏரியில் வலை போட்டவர். அவர் காலத்து மரப்படகில் பலகை இடுக்கையெல்லாம் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்திருப்பார்கள். இப்போது எல்லாம் ஃபைபர். "படகுல ஒழுக்கு வந்தா கண்ணுக்குத் தெரியாது. காதுக்குக் கேக்காது. காலுதான்டா சொல்லும். விரல் இடுக்குல ஜில்லுனு ஏறும். ஏறுன ஒடனே பாத்துடணும். அப்புறம் பாக்கலாம்னா, அப்புறம் இல்ல" என்பார். நான் "சரிப்பா" என்பேன்.

அப்புறம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல்.

அது டிசம்பர் 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையேறியது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் போட்டு அடித்த அடி உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் இல்லை. பேசும் அம்மாள் மௌனமாகிவிட்டாள். ஆனால் தொட்டிக்கு அடியில் இருந்த சின்னப் பெட்டி பேட்டரியில் ஓடுவது. மழைத் தண்ணீர் பட்டு விடாமல் கத்தியது. புயலை விட அதன் சத்தம்தான் தாங்கவில்லை. குடையோடு மேலே போய்ப் பேட்டரியைப் பிடுங்கினேன். 9 வோல்ட் பேட்டரி. பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கு என்று பையன் அதை வாங்கிக்கொண்டான்.

மழை விட்டது. வெயில் வந்தது. மாடி அறையின் கூரையில், பையன் படுக்கும் கட்டிலுக்கு நேர் மேலே, ஒரு ஈரத் திட்டு. இலங்கை வரைபடம் மாதிரி இருந்தது. புயல் மழை, ஊறியிருக்கும், காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் வந்தது, வருஷம் பிறந்தது. இலங்கை கொஞ்சம் கொஞ்சமாக இந்தியா ஆகிக்கொண்டிருந்தது.

அப்பா ஒரு நாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். மேலே பார்த்தார். "மழ நின்னு ஒரு மாசமாச்சு. இன்னும் ஈரம்னா அது மழ இல்லடா."

எவ்வளவு சின்ன வாக்கியம்! மழைக் கசிவு மழையோடு வரும், மழை போனால் காயும். குழாய்க் கசிவுக்குக் காலண்டர் கிடையாது. வீட்டுக் கசிவைப் பற்றி எனக்குத் தெரிந்த உருப்படியான விஷயம் இது ஒன்றுதான். அதை எனக்குச் சொன்னவர் மூன்றாம் வகுப்பு. நானோ, "பொங்கல் முடியட்டும்பா, பாக்கலாம்" என்றேன். ஒரு கட்டுரை பாக்கி இருந்தது.

போகிக்கு முந்தின ராத்திரி. பையன், "மேளம் வாங்கியாச்சு, காலங்காத்தால அடிக்கணும், நான் தாத்தாகூடத் திண்ணையிலயே படுத்துக்கறேன்" என்று தலையணையோடு கீழே போய்விட்டான். ராத்திரி ஒரு மணி இருக்கும். மாடியில் தடால் என்று ஒரு சத்தம். புகை மாதிரி சுண்ணாம்புத் தூசி.

போய்ப் பார்த்தேன். கூரைப் பூச்சும் கான்கிரீட்டும் சேர்ந்து, ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து கட்டிலில் கிடந்தது. தலையணை இருக்க வேண்டிய இடத்தில். மேலே துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன.

மனைவி வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கீழே போய்ப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தவள் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

விடிந்ததும் தொட்டிக்கு அடியில் தவழ்ந்து போனேன். வெயிலே படாத இடம். வெளியே போகும் குழாய் இணைப்பில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. வினாடிக்கு ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே வாயைத் திறந்தபடி என் 9 வோல்ட் பெட்டி. உள்ளே பேட்டரி இல்லை.

அன்று ராத்திரி அதற்கு அடியில் வாளி வைத்துப் பார்த்தேன். எட்டு மணி நேரத்தில் 15 லிட்டர் வாளி ஏறக்குறையப் பாதி. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 20 லிட்டருக்கு மேல். அதாவது தினம் ஒரு கேன். நம் முன்னோர்கள் நாழிகை வட்டில் என்று வைத்திருந்தார்கள். அடியில் சின்ன ஓட்டை போட்ட கிண்ணம். தண்ணீரில் மிதக்கவிட்டால் நிரம்பி முழுக ஒரு நாழிகை, 24 நிமிஷம். ஓட்டையை வைத்து நேரம் பார்த்தவர்கள் அவர்கள். ஓட்டையைப் பார்க்க நேரமில்லாதவன் நான்.

ஒரு சொட்டுத் தண்ணீர் கூரையை எப்படி உடைக்கும்? கொத்தனார் விளக்கினார். கம்பி துருப்பிடித்தால் வீங்கும். இரும்பாக இருந்தபோது அடைத்த இடத்தைப் போலத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைத் தள்ளும். உப்பு இருந்தால் துரு இன்னும் வேகம். "கலவைக்கு எந்தத் தண்ணி சார் ஊத்துனீங்க?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. 2014-ல் அந்த அறை கட்டியபோது, லாரித் தண்ணீர் வேண்டாம், கிணற்றுத் தண்ணீரே போதும் என்று 1,800 ரூபாய் மிச்சம் பிடித்த மேதை நான்தான். ரிப்பேர் பில் 38,000.

வெளிநாடுகளில் இப்போது கசிவு தெரிந்ததும் தானே வால்வை மூடி, செல்போனுக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் அதை மாட்டினால் பிரீமியம் குறைக்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் உண்டு. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த பிறகு, சென்னை அடுக்குமாடிக்காரர்களும் வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்டிச் செல்போனில் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். எங்கள் வீட்டில் பட்ஜெட் வேறு.

அலாரத்துக்குப் புதுப் பேட்டரி போட்டாயிற்று. இப்போது மூன்று பெட்டிகள்: தொட்டிக்கு அடியில் ஒன்று, மழை படாமல் மேலே ஒரு தகரக் கூரையோடு. சமையலறை சிங்க்குக்குக் கீழே ஒன்று, மோட்டார் பக்கத்தில் ஒன்று. முனைகளைப் பழைய டூத் பிரஷ்ஷில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது மாதாமாதம் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கத்துகிறதா என்று பார்ப்பது பையன் வேலை. கத்தவில்லை என்றால் அவனுக்குப் பத்து ரூபாய். போன மாசம் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் பத்து ரூபாய் கேட்டான். கணக்குப் பிள்ளையின் பிள்ளை!

மாடிக் கக்கூஸ் ஃப்ளஷ் தொட்டியையும் விடவில்லை. அதில் சொட்டு நீலம் ரெண்டு சொட்டு விட்டு, யாரும் தண்ணீர் இழுக்காமல் அரை மணி காத்திருக்க வேண்டும். கீழே பேசினில் நீலம் இறங்கினால் உள்ளே ஒழுக்கு. இதை வீட்டில் சொல்லாமல் செய்துவிட்டேன். நீலத்தைப் பார்த்த அம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒழுக்கு இருந்தது, அது வேறு விஷயம்.

நேற்று சாயங்காலம் மோட்டார் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தவன், சுத்தமாக மறந்துபோனேன். ஹாலில் அந்தக் குரல்: "தொட்டி நிரம்பிவிட்டது. தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும்."

நான் எழுவதற்குள் திண்ணையில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்டது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சுவிட்சை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"இதோ நிறுத்தறேன் தாயி... கொஞ்சம் இரு" என்றார்.