மலைக்கு முன் ஒரு மாதம்

திருவதிகையில் பிறந்தவனுக்கு மலை தொலைவில் உள்ள பொருள். கெடிலக் கரைச் சமவெளியும், நெய்வேலிச் சுரங்கத்தில் அகழ்ந்து கொட்டிய மண்மேடுகளுமே நான் கண்ட நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்று நாள் நடக்க விழைந்தபோது தந்தையார் கேட்டது ஒன்றே: "குரங்கணியை மறந்துவிட்டாயா?"

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, நடைப்பயணம் சென்றோரில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிமுறைகள் வகுத்தது. தந்தையாரின் வினாவிற்கு விடை தேடுவதே என் ஆயத்தமாயிற்று.

தீ பரவும் கோடையைத் தவிர்த்தேன். வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் உள்ள தடத்தையே தேர்ந்தேன். ஒரு மாதம், நாள்தோறும் வைகறையில் முதுகில் சுமையுடன் ஆற்றங்கரையில் நடந்தேன். புதுக் காலணியும் அதனால் காலுக்குப் பழகிற்று. சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பர். ஆதலால் பையிலிருந்து புத்தகங்கள் வெளியேறின. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி குறையும்; நனைந்த பருத்தியாடையோ எளிதில் உலராது. எனவே கம்பளிச் சட்டையும் மழைக்காப்பும் இடம்பெற்றன.

பயணத்திட்டத்தின் படியொன்றைத் தந்தையாரிடம் அளித்தேன். படித்து முடித்தவர், "பாதிவழியில் வழிகாட்டி திரும்பச் சொன்னால்?" என்றார். "திரும்பிவிடுவேன்" என்றேன். அதன் பின்னரே இசைந்தார்.

மாணவ நண்பர்களே! மலையேறும் துணிவு இளமைக்கு இயல்பாக வரும். இடையில் திரும்பும் துணிவை வீட்டிலேயே பெற்றுக்கொண்டு புறப்படுங்கள்.