ஓட்டைக் குடமும் கதிரவன் கொடையும்

கதிரவன் வாரி வழங்கும் வள்ளல். ஆயினும், கொடை பெறுவோன் கையில் இருப்பது ஓட்டைக் குடமாயின் வள்ளலைக் குறை கூறிப் பயனில்லை. வெயிலால் நீரைச் சூடாக்கும் கருவியை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் இவ்வுவமையையே நான் கையாள்வதுண்டு.

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் லயத்து வீடுகளில் வெந்நீர் என்றாலே ரப்பர் மர விறகும் புகையுந்தான். நண்பகல் வெயிலில் கிடந்த நீர்க்குழாயைத் திறந்தால் கை சுடும். அந்தி சாய்ந்தால் அதே நீர் குளிர்ந்துவிடும். வெப்பத்தைப் பெறுவது எளிது, காப்பதே அரிது என்னும் பாடம் அக்குழாயிலேயே அடங்கியிருந்தது.

1909ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பார் உணர்ந்ததும் இதுவே. அதற்கு முந்தைய கருவிகளில் நீர்த்தொட்டியே வெயிலில் கிடந்து, இரவில் ஆறிப்போயிற்று. அவர் வெப்பம் ஏற்கும் பகுதியையும் நீரைச் சேமிக்கும் தொட்டியையும் பிரித்தார். தொட்டிக்கு வெப்பங்காக்கும் போர்வை அளித்தார். 'பகலும் இரவும்' என்று பெயரும் சூட்டினார்.

இன்று ஈப்போ நகரின் கூரைகளில் காணும் தட்டைப் பெட்டிகள் அவ்வழி வந்தவையே. கறுப்புத் தகடு கதிரை ஏற்கிறது. அதனோடு இணைந்த செம்புக் குழாய்களில் நீர் சூடேறி, இலேசாகி, மேலுள்ள தொட்டிக்குத் தானே ஏறுகிறது. தொட்டி தாழ்ந்திருப்பின் இரவில் நீர் எதிர்த்திசையில் ஓடிக் குளிர்ந்துவிடக்கூடும். குழாய் தகட்டோடு நன்கு பற்றவைக்கப்படாவிடின், தகடு காயுமேயன்றி நீர் சூடேறாது. மேலுள்ள கண்ணாடி, காற்று வெப்பத்தைக் கவர்ந்து செல்லாமல் தடுக்கிறது. சாதாரணக் கறுப்புச் சாயம் தான் பெற்ற வெப்பத்தைக் கதிர்வீச்சாக மீண்டும் உமிழும். 1950களில் இஸ்ரேலில் ஹாரி தாபோர் உருவாக்கிய சிறப்புப் பூச்சோ, வெயிலை ஏற்கும். வெப்பத்தை எளிதில் வெளிவிடாது.

அங்ஙனமாயின், இரட்டைக் கண்ணாடிச் சுவர்களுக்கிடையே காற்றை நீக்கிய வெற்றிடக் குழாயே எங்கும் சிறந்ததோ? இங்கேதான் சிந்தித்தல் வேண்டும். வெப்ப இழப்பு, கருவியின் சூட்டுக்கும் சுற்றுக் காற்றின் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. குளிர்நாடுகளில் அவ்வேறுபாடு பெரிது. வெற்றிடம் அங்கே பெருந்துணை. ஈப்போவின் பகற்காற்றோ 30 பாகை செல்சியசைத் தாண்டுவது. குளிப்பதற்கு 40 பாகைச் சூடே போதும். ஆதலின் அந்த ஆதாயம் இங்கே சிறுத்துவிடுகிறது.

சாய்வும் அத்தகையதே. வடக்கே 28 பாகையில் உள்ள டில்லியில் கருவியைத் தெற்கு நோக்கி நன்கு சாய்த்து வைப்பர். ஈப்போ நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ளது. உச்சிக் கதிரவன் சில மாதம் வடக்கேயும் பல மாதம் தெற்கேயும் நிற்கிறான். எனவே, நீர் மேலேறவும் மழை தூசியைக் கழுவவும் போதுமான சிறு சாய்வே நமக்கு ஏற்றது. பிற்பகல் மழை மிகுந்த கிந்தா பள்ளத்தாக்கில், கிழக்கு நோக்கிய கூரை காலை வெயிலைச் சற்றுக் கூடுதலாகவே பெறும்.

தோட்டங்களை விட்டு நகர்ப்புறத்துக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள், சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டே இத்தகைய கருவிகளை வாங்குகின்றன. "எது உயர்ந்தது?" என்று கேட்பதோடு நில்லாமல், "இவ்விடத்துக்கு எது ஏற்றது?" என்று கேட்க நம் மாணவர் கற்றல் வேண்டும். அக்கேள்வியை வகுப்பறையில் தாய்மொழியில் கேட்டுப் பழகிய மாணவன், கடைக்காரரிடமும் தயங்காமல் கேட்பான்.